நைனா வைத்திருந்த பாதி பன்

என் புத்தகத்தின் புரூஃபைப் பிரித்ததும் முதல் பக்கத்திலேயே எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ‘அன்று எங்கள் லைனில் ஏர் பிளாஸ்ட் வந்தது’ என்று நான் எழுதியிருந்தேன். பெங்களூரில் எந்தப் புண்ணியவானோ அதை ‘அன்று எங்கள் லைனில் விமானத் தாக்குதல் நடந்தது’ என்று திருத்தி வைத்திருந்தான். கோலார் தங்கவயல்மேல் எந்த நாட்டுக்காரன் ஏரோப்ளேனில் வந்து குண்டு போட்டான்? ஆபீஸ் விட்டு வந்த கோலத்திலேயே, முகம்கூடக் கழுவாமல், ராபர்ட்சன்பேட்டை எஸ்டிடி பூத்துக்குப் போனேன்.

“சார், எங்க ஊருமேல குண்டு போட்டுட்டீங்களே!” என்றேன்.

“யாருங்க பேசறது?” என்றார் பதிப்பாளர் ராஜேந்திரன்.

“சங்கமித்ரா. கேஜிஎஃப். முதல் பக்கத்த எடுங்க சார்.”

எடுத்தார். படித்தார். சிரித்தே விட்டார். அந்த மனுஷனிடம் அதுதான் பிடிக்கும், தப்பென்றால் மழுப்பமாட்டார். “அப்போ அது இன்னதுன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்.”

“பூமிக்கு அடியில தோண்டித் தோண்டி வச்சிருக்காங்க இல்ல? அழுத்தம் தாங்காம பாறை பட்டுனு வெடிக்கும். மேல வூடு குலுங்கும், பாத்திரம் உருளும். அதுக்குப் பேரு ஏர் பிளாஸ்ட்.”

“நிலநடுக்கம்னு போட்டுடலாமா?”

“ஒன்னும் வேணாம். நிலநடுக்கம் தானா வர்றது. இது நாம வரவச்சது. ஏர் பிளாஸ்ட்னே இருக்கட்டும்.”

“சரி, உங்க இஷ்டம். ஆனா அந்த முதல் அத்தியாயத்துல வேற எதையும் தொட்டுடாதீங்க. அதுக்காகத்தான் இந்தப் புத்தகத்தையே போடறேன். படிச்சிட்டு என் வீட்ல அழுதுட்டாங்க. பின்னட்டையில அதுலருந்துதான் நாலு வரி எடுத்திருக்கேன். திருத்தத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க, பொங்கலுக்கு வெளியீடு.”

பூத்தை விட்டு வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னட்டையாம்! ஹெவி எஞ்சினியரிங் பேக்டரியில் டிராயிங் ஆபீஸில் அடுத்தவர் போட்ட கோட்டின் மேல் கோடு இழுத்தே தலை நரைத்தவள் நான். ஐம்பதைத் தாண்டியவள், தனிக்கட்டை. என் சொந்தக் கோடு ஒன்று அட்டையில் வரப்போகிறது என்றால் சும்மாவா? எதிரே வந்த பூக்காரியிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, அங்கேயே நின்று வைத்துக்கொண்டேன்.

அது 2000-ஆம் வருஷக் கடைசி. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. தங்கவயல்காரர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதி அனுப்பலாம் என்று ராஜேந்திரன் பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார். எழுதுவதற்கு என்ன, நமக்குத்தான் வாய் இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். ஐயோ, பட்ட பாடு! வாயால் பேசும்போது வண்டி வண்டியாக வருவது, பேனாவை எடுத்ததும் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்றே தெரியாது. ‘நான் ஒரு தொழிலாளியின் மகளாகப் பிறந்தேன்’ என்று ஆரம்பித்தேன். இரங்கல் கூட்டத்தில் படிப்பதுபோல இருந்தது, கிழித்துப் போட்டேன். நல்லது மட்டும் எழுதினால் பொய்யாகத் தெரிந்தது. கெட்டதை எழுதினால் சம்பந்தப்பட்டவர்கள் எல்லாம் தெருவில் எதிரே வந்தார்கள். விஷயம் ஆபீஸில் பரவியதும் இன்னும் மோசம். பக்கத்து மேஜை ஃப்ளோரா, “என்ன பத்தி எழுதினா ஒல்லியா எழுது மித்ரா, கல்யாணத்துக்கு முந்தி நான் ஒல்லிதான்,” என்றாள். “நடந்தது நடந்த மாதிரிதான் வரும், ஒரு எழுத்து கூடக் குறைய இருக்காது,” என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை அவள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது நைனா வந்தார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கத்தியைப் போட்டுவிட்டு, வெங்காயக் கையோடு எழுதினேன். குழம்பு அன்றைக்கு இல்லை. அதுதான் அந்த முதல் அத்தியாயம்.

சாம்பியன் ரீஃபில் கம்பெனி கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் எங்களுடையது ஒன்று. அதைத்தான் லைன் என்போம். மூங்கில் தட்டிச் சுவர். எனக்கு மூன்று வயது இருக்கும். ஏர் பிளாஸ்ட் வருகிறது, வீடு ஆடுகிறது, பரணிலிருந்த அண்டா உருண்டு வாசல்வரைக்கும் போகிறது. நைனா கீழே ஷிஃப்டில் இருக்கிறார். அம்மா சுரங்க வாய்க்கு ஓடுகிறாள், பின்னாலேயே நான். இரவெல்லாம் அங்கேயே கிடக்கிறோம். விடிந்தபிறகு கேஜ் மேலே வருகிறது. ஆட்களை ஏற்றி இறக்கும் அந்த இரும்புப் பெட்டியின் கதவு திறக்க, தலைமுதல் கால்வரை புழுதியாக நைனா இறங்குகிறார். நேராக என்னிடம் வருகிறார். சட்டைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய பாதி பன்னை எடுத்து என் கையில் வைக்கிறார். ‘இது உனக்குன்னு வச்சிருந்தேன்.’ ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த மனுஷன்! எனக்கு நாலு வயதானபோது நெஞ்சு நோய் வந்து போய்விட்டார். அவரைப் பற்றி எனக்கு இருப்பது அந்த ஒரே நினைப்பு. வேறு ஒன்றும் கிடையாது, குரல்கூடக் கிடையாது. ஆனால் அது ஒன்று போதும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். யாராவது, “உனக்குன்னு யாரு இருக்கா?” என்று இழுத்தால், மனசுக்குள் அந்தப் பன்னைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

இந்தச் சந்தோஷத்தை முதலில் யாரிடம் கொண்டுபோவது? அக்காவிடம்தான். பள்ளிக்கூடத்தில் யசோதரா, லைனில் எல்லோருக்கும் பாப்பம்மா. எனக்கு மூத்தவள். நைனா போனபிறகு படிப்பை விட்டுவிட்டு, அம்மா வேலைக்குப் போக, என்னைப் பார்த்துக்கொண்டவள். இன்னமும் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறாள். நான் போனபோது வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, தலை நெறைய பூவு? மாப்ள பாக்க வராங்களா?”

“அத விடு. புஸ்தகம் வந்துனு கீது. படிக்கிறேன் கேளு,” என்று படியிலேயே உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

நன்றாகவே படித்தேன். அண்டா உருளும் இடத்தில் குரலை ஏற்றி, கேஜ் வரும் இடத்தில் இறக்கி, ரேடியோ நாடகம் மாதிரி. பன் இடம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் கை முறத்தின்மேல் அப்படியே நின்றிருந்தது.

“யாருடி அந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணு?”

“பன்னு வாங்கின பொண்ணு.”

“நான்தான். வேற யாரு?”

“நீயா?” முறத்தைத் தூக்கிக் கீழே வைத்தாள். அரிசி சிதறியது. “நீ அப்ப பல்லு மொளைக்காத கொழந்த. அது நான்டி! நைனா எங்கையில குடுத்தாரு. ‘பாப்பு, இது உனக்குன்னு வச்சிருந்தேன்’னு எங்கிட்ட சொன்னாரு. இன்னாத்த எழுதி வச்சிருக்க நீ?”

“அக்கா, சும்மா சொல்லாத. எனக்கு நெனப்பு கீது. பன்னுல மெஷின் எண்ணெ வாசன அடிச்சுது. துணி ஈரமா இருந்துச்சு.”

“எண்ணெ வாசனய சொன்னதே நான்தான்!”

“ஏர் பிளாஸ்ட் எத்தினியோ வந்துச்சு. நீ ஒன்ன சொல்ற, நான் ஒன்ன சொல்றேன்.”

“ஏர் பிளாஸ்ட் நூறு வரும். நைனா ஒருதரம்தான் உள்ள மாட்டினாரு.”

 பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம். “உனக்கு வயித்தெரிச்சல்,” என்று சொல்லிவிட்டேன். “என் பேரு புஸ்தகத்துல வருதுன்னு உனக்குப் பொறுக்கல.”

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

“நைனா போனப்பறம் நீ பட்ட பாடு உனக்குத் தெரியாது,” என்றாள். “ஷிஃப்டு வுட்டு சங்கு ஊதினா லைன் முனைக்கு ஓடிடுவ. எல்லா புள்ளைங்களோட அப்பனும் வருவாங்க, தூக்கினு போவாங்க. நீ நின்னுனே இருப்ப. வூட்டுக்கு இஸ்துனு வந்தா சோறு துன்னமாட்ட. நைனா எனக்கு ஒன்னியும் குடுக்கல, ஒன்னியும் குடுக்கலன்னு அழுவ. எனக்கு மட்டும் எத்தினி வயசு? எங்கிட்ட வேற இன்னா இருந்துச்சு உனக்குக் குடுக்க? சொக்காயக் குடுத்தேன், செலேட்டக் குடுத்தேன். அப்பறம் அதயும் குடுத்தேன். ‘ஒருநாளு ஏர் பிளாஸ்ட் வந்துச்சா, நீ அம்மா பின்னால ஓடினியா, நைனா வந்து உங்கையில...’ன்னு உன்ன வச்சே சொன்னேன். ஒவ்வொரு உருண்டைக்கும் சொன்னேன். நீ துன்ன.”

நான் தரையில் சிதறிய அரிசியைக் கூட்டி அள்ளினேன்.

“அது உங்கிட்டயே இருந்துட்டுப் போவட்டும்னுதான்டி இத்தினி நாளும் வாயத் தொறக்கல. ஆனா புஸ்தகத்துல போட்டு ஊருக்கெல்லாம் காட்டப்போற. அம்மா கீறாங்க, நைனா கீறாரு, அண்டா கூட கீது. நான் எங்கடி? அன்னிக்கி நான் எங்க போயிருந்தேன்?” முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். “அத எனக்குத் திருப்பிக் குடுத்துடு.”

நான் புரூஃபைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டதுகூடக் காதில் விழவில்லை. கோபம், வெட்கம், அழுகை எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது. அவளுக்குக் கல்யாணம், பிள்ளை, பேரன் எல்லாம் இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரு பாதி பன், அதையும் கேட்கிறாளே என்று இருந்தது. ஒரே சாயங்காலத்தில் எனக்கு அப்பனே இல்லாமல் போய்விட்டார். அம்மா இருந்தாலாவது கேட்கலாம், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மறுநாள் ராஜேந்திரனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“இதுக்கா இவ்வளவு கலக்கம்?” என்றார். “விட்டுடுங்க மேடம். அக்காவா தங்கச்சியான்னு படிக்கிறவனுக்கு என்ன தெரியப்போவுது? தன்வரலாறுன்னா ‘நான்’ இருக்கணும். ‘நான்’ போயிடுச்சுன்னா அந்த அத்தியாயத்துல உயிரே இருக்காது.”

“சார், அது என் நெனப்பு இல்ல.”

“நீங்க அம்பது வருஷமா வச்சிருந்தீங்க இல்ல? அப்ப உங்களுதுதான்.”

அடேயப்பா, எவ்வளவு வசதியான நியாயம்! ஒரு நிமிஷம் எனக்கும் இனித்தது, பொய் சொல்லவில்லை. ‘சரி சார்’ என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அப்போது அக்காவின் ‘நான் எங்கடி?’ காதில் விழுந்தது. “ஃப்ளோரா ஒடம்ப ஒரு சுத்து கொறைக்க மாட்டேன்னவ சார் நான். வெள்ளிக்கிழமை வேற அத்தியாயம் வரும், புடிச்சா போடுங்க,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

லீவ் போட்டேன். சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ‘நான்’ என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்து ‘அக்கா’ என்று எழுதினேன். முதல் சில வரிகளுக்குப் பல்லைப் பிடுங்குவது மாதிரி வலித்தது. ஆனால் இரண்டாவது பக்கத்தில் ஒன்று நடந்தது. ‘அக்கா ஓடினாள்’ என்று எழுதியதும் ஓடுகிற பெண்ணுக்கு முகம் வந்துவிட்டது! அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு முகமே இல்லை, நான் கவனித்ததே இல்லை. யாரால் தன் முகத்தைப் பார்க்க முடியும்? இப்போது பார்த்தேன். எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல், சளி ஒழுகும் மூக்கு, அம்மாவுக்குச் சமமாக எட்டிப்போடும் அந்த ஒல்லிக் கால்.  எழுதினேன், எழுதினேன், காபி ஆறிப்போக எழுதினேன். கேஜிலிருந்து நைனா இறங்கி யாரைத் தேடினார் என்று எழுதினேன். அதற்குக் கீழே, எனக்குச் சொந்தமாகவே தெரிந்ததை எழுதினேன். வட்டில், களி உருண்டை, அழுகிற தங்கச்சி, தன் கையிலிருந்த பன்னைக் கதையாக்கி ஊட்டிவிடும் இன்னொரு சின்னப் பெண். அது ஒன்றும் எவரும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இல்லை. அந்தக் கை என் வாய்க்குள் வந்த கை, அதன் உப்புகூட எனக்குத் தெரியும். முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். பழைய அத்தியாயம் இதன் காலில் விழவேண்டும்! வீட்டுக்குள்ளேயே கைதட்டிக்கொண்டேன்.

பொழுது விடிந்ததும் சாம்பியன் ரீஃப். அக்கா கதவைத் திறந்து, “இன்னா?” என்றாள், ஆனால் வழியை விட்டாள். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். படித்தேன். இந்தத் தடவை ரேடியோ நாடகம் எல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் படித்தேன்.

“‘பாப்பு, இது உனக்குன்னு வச்சிருந்தேன்.’”

“இன்னொருக்கா படி.”

படித்தேன்.

“இன்னொருக்கா.”

மூன்றாவது தடவை படிக்கும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, “இன்னா பாப்பம்மா, யாராச்சும் பூட்டாங்களா?” என்றாள். “யாரும் பூடல. எங்க நைனா வந்துகீறாரு, நீ போ,” என்றாள் அக்கா.

மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தாள். “சரி. அந்த எடத்துல நீ எங்க?”

“நான் தூளியில இருந்திருப்பேன். எனக்குத் தெரியாது. அதான் எழுதல.”

“தூளியிலயா? தட்டி ஆடுது, அண்டா உருளுது, உன்ன தூளியில வுட்டுட்டா ஓடுவாங்க? அம்மா முன்னால ஓடிட்டாங்க. உன்ன நான்தான் தூக்கினு ஓடினேன். என் இடுப்புலதான் இருந்த.”

கை தானாகப் பேனாவுக்குப் போனது. ஆனால் ஒருதரம் சூடு கண்ட பூனை நான். “அன்னிக்கி நீ இத சொல்லல.”

“அன்னிக்கி எனக்கு எரிஞ்சுது, சொல்லல.”

“அக்கா, நான் அழுவேன்னு மறுபடியும் குடுக்கறியா? எனக்கு வேணாம். நடந்தத சொல்லு.”

“நடந்ததத்தான்டி சொல்றேன். பன்னு எனக்குத்தான் குடுத்தாரு, அத வுட்டுத்தரமாட்டேன். நான் வாயில வைக்கப் போனேன், நீ எட்டிக் கையப் புடிச்சு இஸ்த. பிட்டு உன் வாயில வச்சேன். நைனா சிரிச்சாரு. எழுது.”

ஓரத்தில் இடம் இருந்தது. எழுதிவிட்டு, எழுதியதைப் படித்துக் காட்டினேன். “‘அப்போது நான் அக்காவின் இடுப்பில் இருந்தேனாம்.’”

“இன்னாத்துக்கு அந்த ‘ஆம்’?”

“எனக்கு நெனப்பு இல்லியே அக்கா. நீ சொல்லித்தான தெரியும். அடுத்தவங்க சொன்னா ‘ஆம்’ போட்டுத்தான் எழுதணும்.”

“உனக்கு நெனப்பு இருக்காதுடி.” இடது இடுப்பில் கையை வைத்து அழுத்தினாள். “நல்லா கொழுக்கு மொழுக்குனு இருப்ப. இந்தப் பக்கத்துலருந்து மாத்தினா கத்துவ. வூட்லருந்து சுரங்க வாய் வரைக்கும், ராத்திரி பூரா, இதே பக்கம். காலைல உன்ன எறக்கி வுட்டதும் கால ஊன முடியாம அங்கியே உக்காந்துட்டேன். நீ இருந்தது எனக்கு வலிச்சுதுடி.”

நான் பேனாவைத் திறந்தேன். ‘இருந்தேனாம்’ என்பதில் துணைக்காலையும் கடைசி எழுத்தையும் அடித்துவிட்டு, மிச்சம் நின்ற ‘ன’வின் மேல் ஒரு புள்ளி வைத்தேன்.